வேலியோரத்து மண்

கேன் தண்ணீரில் வாய் கொப்பளித்து, கேன் தண்ணீரில் முகம் கழுவி, கேன் தண்ணீரில் போட்ட காபியைக் குடித்து முடிப்பதற்குள் சிங்காரவேலுவுக்கு அன்றைய கோபம் முழுசாக வந்துவிட்டது. பாகூர்ப் பக்கம் தண்ணீருக்குப் பேர்போன பூமி. அங்கே வீட்டுக்குப் பின்னாலேயே சொந்த போர் வைத்திருக்கிற மனுஷன், பிளாஸ்டிக் கேனைச் சாய்த்துச் சாய்த்துக் குடிக்க வேண்டியிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"இன்னாங்க, காபி ஆறிப் போச்சா?" என்று கேட்டாள் கனகாம்பாள்.

"காபி ஆறல. என் வயிறுதான் எரியுது."

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களே, அதற்குள் நீங்களும் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

சிங்காரவேலு, கனகாம்பாள் தம்பதிக்கு ஒரே மகள் கல்பனா. தவளக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும், பெட்ரோல் பங்க் சாமிநாதனின் மகன் அரிகரனுக்கும் மாசியில் நிச்சயம் ஆயிற்று. ஆனியில் கல்யாணம். இரண்டு வீட்டுக்கும் நடுவே சிங்காரவேலுவின் கரும்புத் தோட்டம் மட்டும்தான். தோட்டம் முடிகிற இடத்தில் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பங்க், பங்குக்குப் பின்னால் சாமிநாதனின் மாடி வீடு. அப்பாக்கள் இரண்டு பேரும் பாகூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, சித்திரைக் கடைசியில் சிங்காரவேலு வீட்டு போர் தண்ணீரில் டீசல் வாசம் அடித்தது.

மனுஷன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே டீக்கடைக்குப் போனார். "அவன் பங்க் டாங்கு ஓட்டை. என் வூட்டுத் தண்ணியக் கெடுத்துட்டான்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

சாயங்காலமே சாமிநாதன் வாசலில் வந்து நின்றார். "டாங்கு ஓட்டைன்னு காட்டிட்டா பங்க்கை இழுத்து மூடிட்டுப் போயிடறேன், சம்பந்தி. இல்லன்னா அதே டீக்கடையில நீங்க மன்னிப்பு கேக்கணும். அதுவரைக்கும் பத்திரிகை அடிக்க வேணாம்."

"நல்லது சம்பந்தி. அதுவரைக்கும் உங்க வூட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது!"

சின்ன வயசிலிருந்து 'வாடா, போடா' என்று பேசிக்கொண்டவர்கள். நிச்சயத்துக்குப் பிறகு பெருமைக்காகப் பழகிக்கொண்ட 'சம்பந்தி'யும் 'நீங்க'வும் சண்டை போடத்தான் வசதியாக இருந்தது. அன்றிலிருந்து கல்யாணம் அந்தரத்தில் நிற்கிறது. மண்ணையும் தண்ணீரையும் எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்பது மட்டும்தான் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

அந்த நாள் இன்று வந்துவிட்டது.

வேன் வந்து நின்றதும் முதலில் இறங்கியவள் ஷைஸ்தா. முக்காட்டுக்கு மேல் ஒரு தொப்பி, காலில் முழங்கால் உயரத்துக்கு பூட்ஸ். மண், தண்ணீர் சோதனை செய்கிற கம்பெனியில் இன்ஜினீயர். வில்லியனூர் நிஜாமுதீன் பாயின் மகள். நிச்சயத்துக்கு இரண்டு வீட்டு மளிகையும் பாய் கடையில்தான் எடுத்தது என்பதால், 'அது அந்தப் பக்கத்து ஆளு' என்று எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. கூடவே தங்கவேல் என்று ஓர் ஆள், வாட்டசாட்டமாக, தோளில் மண் துளைக்கிற நீளமான இரும்புத் திருகோடு இறங்கினார்.

கனகாம்பாள் தாம்பாளத்தோடு ஓடி வந்தாள். தேங்காய், பூ, வெற்றிலை, நடுவில் ஒரு கட்டிக் கற்பூரம்.

"அம்மா, கற்பூரம் மட்டும் வேணாம்மா" என்றாள் ஷைஸ்தா அவசரமாக.

"ஏம்மா? மண்ணுல கைய வெக்கறதுக்கு முன்னால ஒரு பூஜை போட வேணாமா?"

"தேங்காய் தாராளமா உடைங்க. ஆனா இந்த மீட்டர் இருக்குதே, இதுக்குக் கற்பூரம், ஊதுபத்தி, சென்ட்டு, கொசுவத்தி எதுன்னாலும் ஒண்ணுதான். எல்லாத்துக்கும் கத்தும். அதுவும் இல்லாம, மண்ணுக்குள்ள பெட்ரோல் ஆவி இருந்து நாம நெருப்பு வெச்சோம்னா பூஜை பெரிய பூஜையா ஆயிடும்."

கனகாம்பாள் கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஷைஸ்தா அந்த முடிச்சைப் பார்த்தாள். கனகாம்பாள் அதை அவிழ்த்துக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

மீட்டர் கைக்கு அடக்கமாக மஞ்சள் நிறத்தில் இருந்தது. முன்னால் ஒரு மூக்கு, மேலே நம்பர் காட்டுகிற சின்னத் திரை. அதைப் பார்த்தவுடனே சிங்காரவேலுவுக்குப் பிடித்துப் போயிற்று. போலீசு மோப்ப நாய் மாதிரி குற்றவாளி முன்னால் போய் நிற்கப்போகிறது. குற்றவாளி யார் என்பது அவருக்குத்தான் முன்பே தெரியுமே! தேங்காயை உடைக்கும்போது கண்ணை மூடி, 'ஐயனாரப்பா, வேலியோரத்துல அந்த நம்பர் ஏறணும். ஏறிச்சுன்னா உனக்கு ஒரு புதுக் குதிரை' என்று வேண்டிக்கொண்டார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது.

அதற்குள் ஸ்கூட்டரில் சாமிநாதன் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, தண்ணீர் பாட்டில், விறைப்பான முகம். சிங்காரவேலுவைப் பார்க்காமல் வேனைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, வேனுக்கு டீசல் போடணும்னா நம்ம பங்க்லயே போட்டுக்கோங்க. நான் சொல்லி வெக்கிறேன்."

"ஐயோ, வேணாம் சார். மண்ணு எடுக்கற அன்னிக்கு பங்க் பக்கமே வண்டி விடக் கூடாது. கையில வாசம் ஒட்டிக்கும். நேத்தே வில்லியனூர்ல போட்டுட்டு வந்துட்டேன்."

"வில்லியனூர்லயா!" சாமிநாதன் நிஜமாகவே அடிபட்டுப் போனார். சோதனை செய்ய வந்ததுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"வேலியோரத்துலேந்து ஆரம்பிக்கலாமா?" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார் சிங்காரவேலு.

"இல்லீங்கய்யா. சந்தேகம் கம்மியா இருக்கற எடத்துல ஆரம்பிச்சு, அதிகமா இருக்கற எடத்துல முடிக்கணும். இல்லன்னா ஒரு எடத்து அழுக்கு இன்னொரு எடத்துக்குப் போயிடும். முதல்ல பங்க்குக்குத் தூரமா கொல்லைக் கோடியில கரும்புக்குப் பாயற போர், அப்புறம் உங்க வூட்டு போர், கடைசியா வேலி."

"வூட்டு போர்ல இன்னா இருக்குது பாக்கறதுக்கு? அதான் ஊருக்கே நாறுதே. அங்க மண்ணும் எடுப்பீங்களா?" என்று குறுக்கே கேட்டாள் கனகாம்பாள். வழக்கமாக இந்த மாதிரி விஷயத்தில் வாய் திறக்காதவள்.

"எடுக்கணும்மா. போர் பைப்பை ஒட்டியே எடுப்போம்."

கனகாம்பாள் மகளைப் பார்த்தாள். கல்பனா போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். கல்யாணக் கவலையில் பெண் மறைவாக அழப் போகிறாள் என்று நினைத்து சிங்காரவேலுவுக்கு மனசு கனத்தது. 'அழாதடி தங்கம், இன்னிக்கு சாயங்காலம் உங்கப்பன் ஜெயிச்சுடுவான்' என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அப்பன் ஜெயித்தால் மாமனார் பங்க்கை மூடவேண்டி வரும், அப்புறம் எங்கே கல்யாணம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டாவது படி கண்ணுக்குத் தெரிவதில்லை.

கொல்லைப் போரில் ஒன்றுமே இல்லை. பழைய தண்ணீர் போகட்டும் என்று மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, கட்டை விரல் உயரத்துக்குச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் தளும்பத் தளும்பப் பிடித்தாள் ஷைஸ்தா. மூடியபின் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். "உள்ள ஒரு குமிழி கூட நிக்கக் கூடாது. இருந்தா, வாசம் தண்ணியிலேந்து அந்தக் குமிழிக்குள்ள போய் உக்காந்துக்கும்" என்றாள். அப்புறம் பாட்டில் ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. மீட்டர் சத்தமே போடவில்லை.

"பாத்தீங்களா, இந்தப் பக்கம் சுத்தம். அப்ப எந்தப் பக்கம் அழுக்கு?" என்று பொதுவாக ஆகாயத்தைக் கேட்டார் சிங்காரவேலு. சாமிநாதன் பாட்டிலைத் திறந்து மடக்கென்று தண்ணீர் குடித்தார்.

வீட்டு போர், மோட்டார் கொட்டகைக்குள் இருந்தது. அங்கே பிடித்த தண்ணீரைத் தரையில் விடக் கூடாதென்று ஷைஸ்தா ஒரு டிரம்மைக் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் விழுந்ததுமே கொட்டகை முழுக்க குப்பென்று வாசம் பரவியது. சாமிநாதன் கிட்டே வந்து குனிந்து முகர்ந்தார். எத்தனை வருஷமாக இதிலேயே வாழ்கிற மூக்கு அது.

"டீசல்தான்" என்றார் மெதுவாக.

"யாரு சரக்கு?"

சாமிநாதன் முகத்தில் ஈயாடவில்லை. சிங்காரவேலு இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாளாகக் கேன் தண்ணீர் குடித்தார். ஆனாலும் வந்த நிமிஷம் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. கணக்குப் பரீட்சையில் இவருக்குக் காட்டிவிட்டு மாட்டிக்கொண்ட அன்று சாமிநாதன் முகம் இப்படித்தான் இருந்தது.

தங்கவேல் போர் பைப்பை ஒட்டித் திருகை இறக்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. முதல் பிடி மண் மேலே வந்ததும் ஷைஸ்தா மீட்டரின் மூக்கை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

மீட்டர் கத்திய கத்தலில் கொட்டகை ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோனது.

"அப்டிப் போடு!" என்றார் சிங்காரவேலு.

ஷைஸ்தா இன்னும் ஆழத்தில் எடுக்கச் சொன்னாள். நம்பர் குறைந்தது. இன்னும் ஆழம். இன்னும் குறைந்தது. அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இது பங்க்லேந்து வந்த மாதிரி தெரியல."

"இன்னாம்மா சொல்ற?"

"அங்கேந்து வந்திருந்தா மண்ணுக்கு அடியில, தண்ணி மேல மெதந்துக்கினு வரும். அப்ப மேல் மண்ணு சுத்தமா இருக்கும், கீழ போகப் போக வாசம் ஏறும். இங்க தலைகீழா இருக்குது. மேலதான் அதிகம். யாரோ மேலேந்து ஊத்தியிருக்காங்க."

சொல்லிக்கொண்டே கையில் டார்ச்சோடு போர் பைப்பின் அடியைச் சுற்றி வந்தாள். சிமெண்டுத் தளம் ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் பைப்பை ஒட்டி ஒரு பொந்து, கை நுழைகிற அகலம். மீட்டரை அங்கே கொண்டுபோனபோது திரையில் நம்பரே வரவில்லை. அதற்கு மேல் எண்ண முடியாது என்று மீட்டர் ஒதுங்கிக்கொண்டது.

"இதுலதான் ஊத்தியிருக்காங்க. பைப்பை ஒட்டியே நேரா கீழ தண்ணி வரைக்கும் போற வழி இது."

சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டார். "என் வூட்டுக்குள்ள வந்து என் போர்ல டீசல் ஊத்தினவன் எவன்? சொல்லுங்க சம்பந்தி! யாரை அனுப்பி ஊத்த வெச்சீங்க?"

"யோவ்!" சாமிநாதனுக்கும் வந்துவிட்டது. "டீசல் விக்கற வெலையில ஒன் பொந்துல ஊத்த எனக்கு இன்னா பைத்தியமா?"

"நான்தாங்க ஊத்தினேன்" என்றாள் கனகாம்பாள்.

சிங்காரவேலு மனைவி பக்கம் திரும்பினார்.

"நீயா?"

"பங்குனியில ஒருநாள் இந்தப் பொந்துக்குள்ள பாம்பு போச்சுங்க. இம்மாந்தண்டி இருந்துச்சு. விடியக்காலம் மோட்டார் போட வர்றது கல்பனாதான். கல்யாணம் ஆவப்போற பொண்ணு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? சம்பந்தியம்மா கிட்ட சொன்னேன். டாங்கு கழுவுன கசடு டீசல் இருக்குது, பொந்துல ஊத்துனா பாம்பு அந்தப் பக்கமே தலை வெக்காதுன்னு சொல்லி அனுப்பி வெச்சாங்க."

சம்பந்தியம்மா என்றால் அம்சவள்ளி. சாமிநாதனின் மனைவி. சாமிநாதனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"மண்ணுல ஊத்தினது மண்ணோட போயிடும்னு நெனச்சேன். போர் எம்மாம் ஆழம்! அதுவரைக்கும் போகும்னு யாரு கண்டா? இன்னிக்குக் காலையில இந்தப் பொண்ணு பைப்பை ஒட்டி மண்ணு எடுப்பேன்னு சொன்னப்பதான் எனக்கு திக்குன்னுச்சு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள் கனகாம்பாள்.

"ஒரு தடவை ஊத்தினதுக்கு இவ்ளோ வராதேம்மா" என்றாள் ஷைஸ்தா தயங்கித் தயங்கி.

"ஒரு தடவை இல்ல. வாரா வாரம்."

"வாரா வாரமா? யாரு கொண்டாந்து குடுத்தது?" என்று கேட்டார் சாமிநாதன்.

போன் பேசிவிட்டு வந்து கொட்டகை வாசலில் நின்ற கல்பனா தன் கால் கட்டைவிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துபோயிருந்தது.

"கல்பனா?"

"அவருதான் மாமா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை விடியக்காலம். பைக்குல. சின்னக் கேன்தான்."

"கசடு ஒரே ஒரு கேன்தானே இருந்துச்சு வூட்டுல! மிச்சத்துக்கு?"

"அது... நல்ல டீசல் மாமா."

சாமிநாதன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சிங்காரவேலு மகளின் பக்கத்தில் போனார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"அந்தப் பாம்பு மறுபடி வந்துச்சா?"

"இல்லப்பா. ஒரே தடவைதான்."

"அப்ப வாரா வாரம் எதுக்குடி?"

தங்கவேல் திருகைத் துடைப்பது போல் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஷைஸ்தா மீட்டரில் ஏதோ முக்கியமாகப் பார்ப்பது போல் குனிந்தாள், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கனகாம்பாளுக்குக் கண்ணீரோடேயே சிரிப்பு வந்துவிட்டது. விடியக்காலம் மோட்டார் போட இந்தப் பெண் ஏன் சித்திரை முழுக்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் அலாரம் இல்லாமல் எழுந்தாள் என்பது அவளுக்கும் இப்போதுதான் புரிந்தது.

"கேன் இல்லாம வந்தா நீங்க இன்னா நெனைப்பீங்களோன்னு..." என்று இழுத்தாள் கல்பனா. "தண்ணியில வாசம் வந்ததும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்பா. ஆனா நீங்க டீக்கடை வரைக்கும் போயிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? இப்பதான் அவருகிட்ட போன்ல சொன்னேன், இன்னிக்கு மாட்டிக்குவோம்னு."

சிங்காரவேலு கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. சும்மா இல்லை, கழுத்தைக் குனிய வைக்கிற வெட்கம். ஒரு வார்த்தை வீட்டில் கேட்டிருந்தால் போதும். கேட்காமல் கிளம்பி, கூடப் படித்தவனை ஊர் முன்னால் திருடன் மாதிரி நிறுத்திவிட்டு வந்தோமே என்று நினைக்க நினைக்கக் காது சுட்டது.

"இந்தத் தண்ணி இனிமே அவ்ளோதானாம்மா?" என்று ஷைஸ்தாவைக் கேட்டார்.

"சரியாவும் ஐயா. இந்த மேல் மண்ண வெட்டி எடுத்து வெளிய அனுப்பணும், பொந்தை சிமெண்ட் போட்டு அடைக்கணும், தண்ணிய எறைச்சு எறைச்சுப் பாக்கணும். எவ்ளோ நாள் ஆகும்னு இப்பவே சொல்ல முடியாது. லேப் சொல்ற வரைக்கும் குடிக்காதீங்க, சமைக்காதீங்க. இனிமே பாம்புக்கு டீசலும் ஊத்தாதீங்க. அது ஓடறதுக்கு முன்னால தண்ணி கெட்டுடும்."

சிங்காரவேலு எழுந்து சாமிநாதன் எதிரில் போய் நின்றார். "சம்பந்தி, நாளைக்குக் காலையில டீக்கடையில..."

"இரு." சாமிநாதன் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "வேலியோரமும் எடுக்கட்டும். என் டாங்கு சுத்தம்னு முழுசாத் தெரியட்டும். அப்புறம் வந்து கேளு, சாவகாசமா டீ குடிச்சிக்கினே கேக்கறேன்."

"நானே சொல்லணும்னு இருந்தேன். ஆரம்பிச்ச வேலையைப் பாதியில விடக் கூடாது" என்றாள் ஷைஸ்தா.

கரும்புக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் எல்லாரும் வேலிக்கு நடந்தார்கள். வைகாசி வெயில் உச்சியில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், பங்க்கில் லாரி ஒன்று நின்று டீசல் போட்டுக்கொண்டிருந்தது. ஷைஸ்தா அது கிளம்பிப் போகும்வரை காத்திருக்கச் சொன்னாள். ஆபீஸ் ஜன்னலில் அரிகரனின் தலை ஒரு தரம் தெரிந்தது, அப்பாவைப் பார்த்ததும் மறைந்தது.

தங்கவேல் திருகைக் கழுவித் துடைத்து இறக்கினார். முதல் பிடி மண். மீட்டர் பேசாமல் இருந்தது. "சுத்தம்" என்றாள் ஷைஸ்தா.

"பாத்தியா?" என்றார் சாமிநாதன்.

அடுத்த பிடி. அதுவும் சுத்தம். சாமிநாதன் தண்ணீர் பாட்டிலைத் தட்டித் தாளம் போட ஆரம்பித்தார்.

திருகு ஆளுயரத்துக்கும் கீழே போயிற்று. இந்த முறை வந்தது ஈரக் களிமண், கறுப்பாக. ஷைஸ்தா மீட்டரைக் கிட்டே கொண்டுபோனாள். மீட்டர் கத்தவில்லை. ஆனால் ஒரே ஒரு தரம், 'கிக்' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டது.

தாளம் நின்றது.

"இன்னாம்மா அது?"

"சின்ன நம்பர்தான் சார். ஈரக் களிமண்ணுன்னா மீட்டர் சில நேரம் ஏமாத்தும். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. லேப்தான் சொல்லணும்." ஷைஸ்தாவின் குரலில் எந்தப் பக்கமும் சாய்வு இல்லை. கையுறையை மாற்றிக்கொண்டு மண்ணைக் கண்ணாடி ஜாடியில் அடைக்க ஆரம்பித்தாள்.

சிங்காரவேலு தன்னை அறியாமல் கண்ணை மூடியிருந்தார். 'ஐயனாரப்பா, காலையில சொன்னத மறந்துடு. அந்த நம்பர் ஒண்ணுமில்லாம போவணும். ரெண்டு குதிரையா வாங்கி வெக்கிறேன்.' எந்தச் சத்தத்துக்காகக் காலையில் தேங்காய் உடைத்தாரோ, அது இத்துனூண்டு கேட்டதற்கே வேண்டுதலைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

சாமிநாதன் அவரைக் கொஞ்சம் தள்ளி, கரும்பு நிழலுக்கு இழுத்துப் போனார்.

"சிங்காரம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்ச நாளாவே டாங்க்ல அளவுக் குச்சி விட்டுப் பாத்தா கம்மியாத்தான் காட்டுது. வெயிலுக்கு ஆவியாவுதுன்னு நெனச்சேன். கேன் விஷயம் கேட்டப்ப, சரி, இதான் காரணம்னு மனசு நிம்மதியாச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா, கேனுக்கு மேல கம்மியாவுதுடா. எங்கப்பா காலத்து டாங்கு அது." பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "நீ சொன்னது தப்பாப் போச்சு. ஆனா நாளைக்கு நெசமாவே ஆயிடுச்சுன்னா? பத்திரிகை விஷயத்த நல்லா யோசிச்சுக்கோ. பங்க் மூடின வூட்டுக்குப் பொண்ணு குடுக்கறியான்னு ஊரு கேக்கும்."

சிங்காரவேலு அவரைப் பார்த்தார். தன் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இவனுக்கு இல்லை. மறைத்திருக்கலாம். லேப் சொல்லட்டும் என்று இருந்திருக்கலாம். அன்று கணக்குப் பரீட்சையிலும், யாரைப் பார்த்து எழுதினாய் என்று வாத்தியார் இவரைத்தான் கேட்டார். நான்தான் சார் காட்டினேன் என்று எழுந்து நின்றவன் சாமிநாதன்.

கையை நீட்டி அந்தப் பாட்டிலை வாங்கினார். சாமிநாதன் வீட்டுக் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர். அண்ணாந்து மடமடவென்று அடி வரைக்கும் குடித்தார். தாடை வழியாக வழிந்ததைத் துண்டால் துடைத்தார்.

"ஊரு கேக்கட்டும். நாளைக்கு டீக்கடையில மன்னிப்பு கேட்டுட்டு, அங்கேருந்து நேரா ரெண்டு பேரும் பத்திரிகை அடிக்கப் போறோம். டாங்கு ஓட்டையா இருந்தா அதத் தோண்டி எடுக்க நானும் மண்வெட்டி புடிக்கிறேன்."

சாமிநாதன் காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

சாயங்காலம் வேன் கிளம்பியது. ஐஸ் பெட்டியில் எல்லாப் பாட்டில்களோடும் வேலியோரத்துக் கறுப்புக் களிமண்ணும் வில்லியனூர் ரோட்டில் போயிற்று. கண்ணுக்கு மறையும்வரை இரண்டு அப்பாக்களும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். அந்த மண்ணுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஐயனாருக்குத்தான் தெரியும்.

"டேய் சாமிநாதா" என்றார் சிங்காரவேலு.

"இன்னாடா?"

"உன் புள்ள கிட்ட சொல்லி வை. ஞாயித்துக்கிழமை தாராளமா வரட்டும். ஆனா இனிமே வெறுங்கையோட வரட்டும்."